ஒரு கோழியும் நான்கு நோபல் பரிசுகளும்

கல்யாண வீட்டு வாசலில் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, பார்த்திருப்பீர்கள். மொய் எழுதுகிறவர். யார் யார் வந்தார்கள், யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டில் ஏறிவிடும். கல்யாணச் சந்தடி ஓய்ந்த பிறகு வீட்டுப் பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்து, "ஊரில் நமக்கு இவ்வளவு செல்வாக்கா!" என்று மகிழ்ந்து போவார், அல்லது, "இவ்வளவுதானா?" என்று பெருமூச்சு விடுவார்.

விஞ்ஞானிகளுக்கும் இப்படி ஒரு மொய் நோட்டு உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்.

ஒரு விஞ்ஞானி புதிதாக ஏதேனும் கண்டால் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி, அதற்கென்றே நடக்கும் பத்திரிகைகளில் வெளியிடுகிறார். பின்னால் அதே துறையில் எழுத வரும் இன்னொருவர், "இன்னார் இன்ன வருஷத்தில் எழுதியதை ஆதாரமாகக் கொண்டேன்" என்று தம் கட்டுரையின் கடைசியில் குறிப்பிடுகிறார். இந்த மேற்கோள்தான் விஞ்ஞானிக்கு வரும் மொய். அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1955-இல் ஒரு யோசனை சொன்னார். ஒரு கட்டுரையை யார் யார் பின்னால் எடுத்தாண்டார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க ஓர் அட்டவணை இருந்தால் எவ்வளவு சௌகரியம்! சொன்னதோடு நிற்காமல், 1964-இல் அவருடைய ஸ்தாபனம் அப்படிப்பட்ட அட்டவணையைத் தடித் தடிப் புத்தகங்களாக அச்சிட்டும் விட்டது. இன்றைக்குப் புத்தகம்கூட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால், இவர் எழுதியது இத்தனை, இவரை எடுத்தாண்டது இத்தனை பேர் என்று கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது.

கணக்கு என்று ஆரம்பித்தால் அது ஒன்றோடு நிற்குமா? பத்திரிகைகளுக்கு ஒரு கணக்கு வந்தது. கடந்த 2 வருஷங்களில் ஒரு பத்திரிகை வெளியிட்ட கட்டுரைகளை இந்த வருஷத்தில் சராசரியாக எத்தனை தடவை எடுத்தாண்டிருக்கிறார்கள் என்பது அது. மனிதர்களுக்கும் ஒரு கணக்கு வந்தது. 2005-இல் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவையாவது எடுத்தாளப்பட்டிருந்தால் அவருக்கு மார்க் 20. முப்பதுக்கு முப்பது என்றால் மார்க் 30. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத்தான் மார்க் என்று எண்ணியிருந்தோம். தலை நரைத்த பேராசிரியர்களுக்கும் வந்துவிட்டது!

"விஞ்ஞானிகளின் மார்க்கைப் பற்றி எங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்பீர்கள். கவலைப்படத்தான் வேண்டும். இந்த மார்க்கைப் பார்த்துத்தான் உலகத்தில் பல இடங்களில் வேலை கொடுக்கிறார்கள். பதவி உயர்வு கொடுக்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறார்கள். புற்றுநோயைப் பற்றி ஆராய்கிற ஒருவரை, "நீர் மேலே நடத்தும்" என்று தட்டிக் கொடுப்பதா, "போதும், வீட்டுக்குப் போம்" என்று அனுப்பி வைப்பதா என்பதில் இந்தக் கணக்குக்கும் பங்கு இருக்கிறது. நாளைக்கு நம் வீட்டில் ஒருவருக்கு மருந்து தேவைப்பட்டால், அந்த மருந்து இருக்குமா இராதா என்பதுகூட இதில் அடங்கியிருக்கிறது.

ஆகவே இந்தத் தராசில் ஒரே ஒருவரை ஏற்றி நிறுத்துப் பார்ப்போம். அவர் பெயர் பேட்டன் ரௌஸ். 1879-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார். வைத்தியக் கல்லூரியில் படிக்கும்போது ஒரு விபரீதம் நேர்ந்தது. காச நோயால் இறந்துபோன ஒருவரின் சடலத்தை அறுத்துச் சோதிக்கையில் விரலில் காயம் பட்டு, அந்த நோய் அவரையே பற்றிக்கொண்டது. ரண சிகிச்சை நடந்தது. படிப்பை நிறுத்திவிட்டு டெக்ஸாஸ் பிரதேசத்து மாட்டுப் பண்ணைக்குப் போய், குதிரை ஏறி, வெயிலிலும் காற்றிலும் உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 1909-இல் நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிசாலையில் சேர்ந்தார். அப்போது வயது முப்பது.

அந்த வருஷத்தில்தான் நம் கதாநாயகி வந்து சேர்ந்தாள். கதாநாயகி என்றதும் யாரோ என்று நினைக்காதீர்கள். ஒரு பெட்டைக் கோழி! பிளிமத் ராக் ஜாதி. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இறகு. அதன் மார்பில் ஒரு கட்டி. கோழி வளர்க்கும் ஒருவர் அதை ஆராய்ச்சிசாலைக்குக் கொண்டுவந்தார்.

ரௌஸ் கட்டியைப் பரிசோதித்தார். சந்தேகமில்லை, புற்றுநோய்தான். அதில் ஒரு துண்டை வெட்டி இன்னொரு கோழியின் உடம்பில் வைத்துப் பார்த்தார். முதலில் அதே பண்ணையைச் சேர்ந்த சொந்தக்காரக் கோழிகளில் மட்டும் அது வளர்ந்தது. (கோழிகளும் சொந்தம் பார்க்கும் போலிருக்கிறது!) ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற மாற்றக் கட்டிக்கு வேகம் ஏறியது.

அடுத்தபடியாகத்தான் அவர் அந்தப் பெரிய காரியத்தைச் செய்தார். கட்டியை மணலோடு சேர்த்து, அம்மியில் துவையல் அரைக்கிற மாதிரி நன்றாக அரைத்தார். உப்பு நீரில் கரைத்தார். சுழற்றித் தெளிய வைத்தார். பிறகு மிக நுண்ணிய துவாரங்கள் கொண்ட வடிகட்டியில் விட்டு வடித்தார. அந்த வடிகட்டியில் உடம்பின் உயிரணு ஒன்றுகூட நுழைய முடியாது. அதைவிடச் சிறிய பாக்டீரியாக் கிருமியும் நுழைய முடியாது. வடிந்து வந்த தெளிந்த நீரை நல்ல ஆரோக்கியமான கோழிக்கு ஊசி மூலம் ஏற்றினார். அந்தக் கோழிக்கும் அதே கட்டி வந்தது.

இதன் அர்த்தம் என்ன? புற்றுநோய் அணு எதுவுமே போகவில்லை. ஆனாலும் புற்றுநோய் போயிருக்கிறது. கண்ணுக்கும் அந்தக் காலத்துப் பூதக் கண்ணாடிக்கும் தட்டுப்படாத ஏதோ ஒன்று, வடிகட்டியையும் ஏமாற்றிவிட்டுப் போய், புற்றுநோயை உண்டாக்கியிருக்கிறது. இன்றைக்கு நாம் அதை வைரஸ் என்கிறோம். 1911-இல் வெளியான ரௌஸின் கட்டுரைத் தலைப்பில் அந்தச் சொல் கிடையாது. கட்டியின் அணுக்களிலிருந்து பிரிக்கக்கூடிய ஒரு காரணி என்றுதான் அவர் தலைப்பிட்டார். கண்டது எவ்வளவோ அவ்வளவுதான் எழுத்து. அதற்கு மேல் ஒரு குந்துமணி கிடையாது. நேயர்களே, இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கட்டுரை வந்ததும் வைத்திய உலகம் ஆரவாரம் செய்திருக்கும் என்றுதானே எண்ணுவீர்கள்? ஒரு சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். பெரும்பாலோர், "கோழிக்கு வந்தால் மனிதனுக்கு என்ன?" என்றார்கள். சிலர், "இது உண்மையான புற்றுநோயே அல்ல" என்றார்கள். வேறு சிலர், "வடிகட்டியில் ஓட்டை இருந்திருக்கும்" என்றார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. புற்றுநோய் தொற்று நோய் அல்ல என்பது அனுபவத்தில் கண்ட விஷயம். வருஷக் கணக்காகப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவர்களுக்கு அது ஒட்டிக்கொண்டதில்லை. ரௌஸும் சுண்டெலிகளின் கட்டிகளில் இதே மாதிரி ஒரு காரணி கிடைக்குமா என்று தேடினார், கிடைக்கவில்லை. 1915 வாக்கில் கோழியை விட்டுவிட்டார்.

இங்கே நிறுத்தி, நம்முடைய மொய் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். 2 வருஷக் கணக்குப் போடுகிறவர் 1913-இல் வந்திருந்தால் ரௌஸுக்கு என்ன மார்க் போட்டிருப்பார்? "தம்பி, உமக்கு இந்தத் துறை சரிப்படாது" என்றுதான் சொல்லியிருப்பார். நல்ல காலம், அப்போது அந்த நோட்டு இல்லை. ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிசாலையும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை.

கோழியை விட்ட ரௌஸ் சும்மா இருந்தாரா? முதல் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ரத்தத்தை உடம்புக்கு வெளியே கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று, டர்னர் என்ற சகாவோடு சேர்ந்து ஆராய்ந்தார். சிட்ரேட் உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த ஒரு திரவத்தில் சிவப்பு அணுக்களை வாரக் கணக்கில் வைத்திருக்கலாம் என்று 1916-இல் எழுதினார். ரௌஸுடன் வேலை செய்த ஆஸ்வால்டு ராபர்ட்ஸன் 1917-இல் பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில் இந்த முறைப்படி ரத்தத்தைச் சேமித்து வைத்து, காயம் பட்ட சிப்பாய்களுக்கு ஏற்றினார். இன்றைய ரத்த வங்கிக்கு அது முன்னோடி. புற்றுநோய்க் கணக்கில் இது சேருமா? சேராது. உயிர்க் கணக்கில் சேருமல்லவா!

இனி ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 1926-இல் ரௌஸின் பெயர் முதல் தடவையாக நோபல் பரிசுக்குச் சிபாரிசு செய்யப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. அந்த வருஷத்து வைத்தியப் பரிசு டென்மார்க் தேசத்து யோஹன்னஸ் ஃபிபிகருக்குப் போயிற்று. கரப்பான் பூச்சி மூலம் எலியின் வயிற்றுக்குள் போகும் ஒரு வகைப் புழுதான் அங்கே புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அவர் எழுதியிருந்தார். உலகமே கைதட்டியது. பின்னால் மற்றவர்கள் சோதித்துப் பார்த்ததில், அந்த எலிகளுக்கு ஏ வைட்டமின் போதாததால் வந்த வினை அது, கட்டிகள் புற்றுநோயே அல்ல என்று தெரிந்தது. ஃபிபிகர் பொய்யர் அல்ல. பொறுமையும் திறமையும் உள்ள விஞ்ஞானிதான். ஆனால் கைதட்டல் ஒரு பக்கமும் உண்மை ஒரு பக்கமுமாகப் போய்விட்டன.

ரௌஸுக்கு மறுபடியும் புற்றுநோயின் பக்கம் திரும்பும் வேளை 1930-களில் வந்தது. நடக்காத காரியத்தை முயற்கொம்பு என்று சொல்வது நம் வழக்கம். முயலுக்கு ஏது கொம்பு? ஆனால் அமெரிக்கக் காட்டு முயல்கள் சிலவற்றுக்குக் கொம்பு முளைத்துத்தான் இருந்தது! உண்மையில் அது கொம்பல்ல. தோலில் கெட்டியாக வளர்ந்து நீட்டிக்கொண்டிருந்த மரு. ரௌஸின் நண்பர் ரிச்சர்டு ஷோப் அந்த மருவுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 1933-இல் நிரூபித்து, மேற்கொண்டு ஆராயும் வேலையை ரௌஸிடம் ஒப்படைத்தார். அந்த மரு நாளடைவில் புற்றுநோயாக மாறுவதை ரௌஸ் கண்டார். கோழிக்கு மட்டும் அல்ல, பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் பிராணிக்கும் வைரஸால் புற்றுநோய் வரும் என்று ஏற்பட்டது. புற்றுநோய் ஒரே பாய்ச்சலில் வருவதில்லை; முதலில் அணுவில் ஒரு தொடக்கம், பிறகு அதை வளர்த்துவிடும் ஒரு தூண்டுதல் என்று படிப்படியாக வருகிறது என்ற கருத்தையும் அவரும் அவருடைய சகாக்களும் 1940-களில் எழுதினார்கள்.

இதற்கிடையில் அந்தப் பழைய கோழிக் கட்டி என்ன ஆயிற்று? அதை எப்படி உலர்த்தி வைப்பது, எப்படிக் கெடாமல் காப்பது என்பதையெல்லாம் ரௌஸ் எழுதி வைத்திருந்தார். கட்டியும் ஆராய்ச்சிசாலை ஆராய்ச்சிசாலையாகக் கைமாறி, கடல் கடந்தும் போய்ச் சேர்ந்தது. யார் செய்து பார்த்தாலும் ரௌஸ் சொன்னது சொன்னபடி நடந்தது. "அர்த்தம் என்ன?" என்பதில்தான் தகராறே தவிர, "நடந்ததா?" என்பதில் தகராறு இல்லை. ஃபிபிகருக்கும் ரௌஸுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பெல்ஜியத்திலிருந்து வந்த ஆல்பர்ட் கிளாடு என்ற இளைஞர் ராக்ஃபெல்லரில் அந்தக் கட்டியை எடுத்துக்கொண்டார். அதிலுள்ள கிருமியைப் பிரித்தெடுக்க வேண்டுமென்று, தயிர் கடைகிற மாதிரி, அதிவேகமாகச் சுழலும் யந்திரத்தில் அணுக்களைச் சுழற்றினார். கிருமியைத் தேடப் போனவருக்கு உயிரணுவின் உள் வீடே திறந்துகொண்டது. அணுவுக்குள் உள்ள பகுதிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் வித்தை அவருக்கு வசப்பட்டது. அதற்காக 1974-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1958-இல் ஹாரி ரூபின், ஹவர்டு டெமின் என்ற இருவர் ரௌஸின் வைரஸைக் கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களின் மேல் விட்டு, எத்தனை அணுக்கள் புற்றுநோய் அணுக்களாக மாறுகின்றன என்று எண்ணுவதற்கு வழி கண்டார்கள். அதற்குப் பிறகு கோழிக் கட்டிக்கு வந்த யோகத்தைச் சொல்லி முடியாது. 1966-இல் ஸ்வீடனிலிருந்து ரௌஸுக்கே சேதி வந்தது. நோபல் பரிசு! கட்டுரை வெளிவந்து 55 வருஷம். ரௌஸுக்கு வயது 87. சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மற்றொரு புற்றுநோய் ஆராய்ச்சியாளருடன் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதில் இன்னொரு ரசமான விஷயம்: அவருடைய மாப்பிள்ளை, இங்கிலாந்து விஞ்ஞானி ஆலன் ஹாட்கின், 3 வருஷம் முன்னதாக 1963-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார். மாப்பிள்ளைக்கு முதல் மரியாதை செய்வது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல போலும்!

பரிசு வாங்கிய மேடையில் ரௌஸ் நிகழ்த்திய சொற்பொழிவுதான் இந்தக் கதையில் மிகவும் விசித்திரமான கட்டம். உயிரணுவின் மரபணுக்களில் நேரும் மாறுதல்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்ற கொள்கை அப்போது வலுப்பெற்று வந்தது. ரௌஸ் அதை ஏற்கவில்லை. அந்தச் சபையிலேயே அதை மறுத்துப் பேசினார். இத்தனைக்கும், மரபுப் பண்புகளைச் சுமந்து செல்லும் பொருள் டி.என்.ஏ. என்று ஏவரியும் சகாக்களும் எழுதிய பிரசித்தி பெற்ற கட்டுரை 1944-இல் வந்தது, ரௌஸ் பல வருஷங்களாக ஆசிரியராக இருந்த பத்திரிகையில்தான்!

ரௌஸ் 1970 பிப்ரவரியில் காலமானார். அதே வருஷம் ஜூன் மாதத்தில் டெமினும் மிசுதானியும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டேவிட் பால்டிமோர் தனியாகச் செய்த ஆராய்ச்சியும் அதோடு கூடவே வந்தது. ரௌஸின் வைரஸுக்குள் ஒரு விநோதமான என்சைம் இருக்கிறது, அது ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ.யை எழுதுகிறது என்று காட்டினார்கள். அதுவரை படித்து வைத்த பாடத்துக்கு இது தலைகீழ். 1975-இல் அதற்கு நோபல் பரிசு. அடுத்து 1976-இல் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் முதலியோர், அந்த வைரஸில் உள்ள புற்றுநோய் மரபணு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார்கள். எங்கே கிடைத்தது தெரியுமா? நோய் நொடி இல்லாத சாதாரணக் கோழியின் உயிரணுவில்! பின்னர் மற்றப் பிராணிகளிலும், மனிதனிலும் அதன் உறவுகள் தென்பட்டன. அதாவது, அது வெளியே இருந்து வந்த திருடன் அல்ல. அணுவின் வளர்ச்சியைக் கவனித்துக்கொள்ள வேண்டிய வீட்டு மனுஷனேதான். வைரஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கெடுத்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை. 1989-இல் இதற்கும் நோபல் பரிசு.

ஆக, 1966, 1974, 1975, 1989. ஒரு கோழியின் மார்புக் கட்டி நான்கு நோபல் பரிசுகளுக்கு வித்தாயிற்று. அதிலும் கடைசிப் பரிசு, புற்றுநோயின் வேர் நம் மரபணுக்களிலேயே இருக்கிறது என்று காட்டியதற்காக. ரௌஸ் எந்தக் கொள்கையை மறுத்தாரோ, அந்தக் கொள்கைக்கு அவருடைய கோழியே சாட்சி சொல்லிவிட்டது!

"பரிசு இருக்கட்டும், நோயாளிக்கு என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த மரபணு உண்டாக்கும் புரதம், மற்றப் புரதங்களில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிட்டு, "வளர், வளர்" என்று அணுவுக்குக் கட்டளை போடுகிற என்சைம் என்று 1970-களின் கடைசியில் தெரியவந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு என்சைம் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்குக் காரணம். அதன் வாயை அடைக்க இமாட்டினிப் என்ற மாத்திரை செய்தார்கள். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில வருஷங்களே தவணை கொடுத்துக்கொண்டிருந்த அந்த நோயோடு, தினம் மாத்திரை விழுங்கிக்கொண்டு பல காலம் வாழும்படி ஆகியிருக்கிறது.

முயற்கொம்பும் வீண்போகவில்லை. அந்த மருவை உண்டாக்கிய வைரஸ் பாப்பிலோமா என்ற இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்தைச் சேர்ந்த மனித வைரஸ்தான் பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதை ஜெர்மனியில் ஹரால்டு சுர் ஹௌஸனின் குழு 1983-இலும் அதற்குப் பிறகும் கண்டறிந்தது. 2008-இல் அவருக்கும் நோபல் பரிசு வந்தது. அந்த வைரஸுக்குத் தடுப்பூசி 2006 முதல் இருக்கிறது. 9 முதல் 14 வயது வரை உள்ள பெண் குழந்தைகளுக்கு அதைப் போடும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. உங்கள் வீட்டில் அந்த வயதுப் பெண் இருந்தால் உங்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்கள். இதைப் படித்துவிட்டுப் புற்றுநோயாளியிடமிருந்து யாரும் விலகி உட்கார வேண்டாம். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. கோழிக் குழம்பை நிறுத்தவும் வேண்டாம். ரௌஸின் வைரஸ் கோழிகளின் வைரஸ்.

இன்னொன்றும் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தார்களே, ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை, ஞாபகம் இருக்கிறதா? அதில் முதலில் வரும் 'ஆர்.டி.' என்பது, ரௌஸின் வைரஸில் டெமின் கண்ட அந்தத் தலைகீழ் எழுத்து வேலைதான். ஆகவே உங்களில் எத்தனையோ பேருடைய மூக்கு வரைக்கும் அந்தக் கோழியின் செல்வாக்கு வந்திருக்கிறது! ஆனால் சோதனைச் சீட்டில் ரௌஸுக்கு மேற்கோள் உண்டா? கிடையாது. குழம்பில் கரைந்த உப்பை யார் தனியாக எடுத்துக் காட்டுகிறார்கள்? மொய் நோட்டில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

இதனால் நோட்டைக் கிழித்துப் போட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பெரிய மனிதர் சிபாரிசு எதுவும் இல்லாமல் எங்கேயோ ஒரு மூலையில் உழைக்கிறவருக்கு, "என் கட்டுரையை இத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொள்ள அதுதான் துணை. யாரும் எடுத்தாளாத கட்டுரை எல்லாம் ரௌஸின் கட்டுரை ஆகிவிடாது. அவற்றில் பல, எடுத்தாளத் தகுதி இல்லாதவைதான். நோட்டின் குறை வேறு. அது நேற்றையும் இன்றையும் எண்ணும். நாளையை எண்ணத் தெரியாது. அட்டவணை போட்ட கார்ஃபீல்டே, தனி மனிதரை எடை போட இதைக் கையாளும்போது ஜாக்கிரதை வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார். 2012-இல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் பத்திரிகாசிரியர்களும் பிரசுரகர்த்தர்களும் கூடி, பத்திரிகையின் மார்க்கைக் கொண்டு மனிதருக்கு மார்க் போடாதீர்கள். கட்டுரையைப் படித்துப் பாருங்கள் என்று ஒரு பிரகடனம் தயாரித்தார்கள். கட்டுரையைப் படித்துப் பாருங்கள் என்று சொல்வதற்கு ஒரு பிரகடனம் வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, ஒரு விஷயம், அதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ரௌஸ் மரபணுவைப் பற்றிச் சொன்ன அபிப்பிராயம் நிற்கவில்லை. 1911-இல் எழுதிய கட்டுரை நிற்கிறது. காரணம், அதில் அபிப்பிராயம் குறைவு. செய்ததும் கண்டதும் அதிகம். இன்னொருவர் எடுத்துச் செய்து பார்ப்பதற்கு வேண்டிய அத்தனையும் அதில் இருந்தது. எழுதியவரே தப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டாலும், சரியாக அர்த்தம் பண்ண வருகிறவனுக்கு அது காத்துக்கொண்டிருக்கும்.

"புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு!" என்று கொட்டை எழுத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. அதைப் படிக்கும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். செய்து பார்த்தது மனிதரிலா, எலியிலா? வேறு யாராவது செய்து பார்த்தும் அப்படியே நடந்ததா? கண்டதை மட்டும் சொல்கிறாரா, காணாததையும் சேர்த்துச் சொல்கிறாரா? அவர் எழுதிய கட்டுரை நூறா, ஆயிரமா என்ற கேள்வி நாலாவதாக வரட்டும்.

பலருக்குப் பரிசு கிடைத்தது. எல்லோர் பெயரும் அட்டவணையில் ஏறியது. பாவம், அந்தப் பிளிமத் ராக் கோழிக்கு மட்டும் ஒரு பெயர்கூட யாரும் வைக்கவில்லை.